வீட்டில் வண்டிக்கு வர்ணம்: ஸ்பிரே கன் வாங்கும் முன்

மும்பையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று, வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. மற்றொன்று, கிடைத்த இடத்தில் யாராவது கீறிவிட்டுப் போவார்கள். ஒரு கதவுக்கு வர்ணம் அடிக்க ஆகும் செலவைக் கேட்டதும், "நாமே அடித்தால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கு வருகிறது.

எனக்கும் வந்தது. நாக்தேவி தெருவுக்குப் போய், பேரம் பேசி ஒரு ஸ்பிரே கன் வாங்கினேன். நண்பரிடம் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸரை இரவல் வாங்கி, கதவுக்கு அடித்தேன். காய்ந்த பின் பார்த்தால், கதவு முழுவதும் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாக இருந்தது. மலிவான கன்னை வாங்கியதுதான் தப்பு என்று நொந்துகொண்டேன். உண்மையில் தப்பு கன்னில் இல்லை. காற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கன் செய்யும் வேலை

ஸ்பிரே கன்னில் பெயிண்டை நுண்துளிகளாக உடைப்பது காற்று. அமெரிக்காவில் டொலீடோ நகரத் தொண்டை மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், தொண்டைக்குள் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்து, 1888ல் அதற்கென நிறுவனம் தொடங்கினார். அவர் மகன் தாமஸ் 1907ல் அதே தத்துவத்தைக் கொண்டு பெயிண்ட் தெளிக்கும் கன்னை உருவாக்கினார். காற்று போதாவிட்டால் துளிகள் பெரிதாக விழும். சமமாகப் பரவுவதற்குள் இறுகிவிடும். என் கதவில் நடந்தது அதுதான்.

முதலில் கம்ப்ரஸர், பிறகு கன்

காற்றின் அளவை நிமிடத்துக்கு இத்தனை கன அடி, அதாவது சி.எஃப்.எம். என்று சொல்வார்கள். ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 3 முதல் 4 சி.எஃப்.எம். என்பது தோராயக் கணக்கு. பெயர்ப்பலகையில் 'பிஸ்டன் டிஸ்பிளேஸ்மெண்ட்' என்று பெரிய எண் இருந்தால் மயங்க வேண்டாம். உண்மையில் வெளிவரும் காற்று அதைவிடக் குறைவு. 'எஃப்.ஏ.டி.' என்ற எண்ணைக் கேளுங்கள்.

இனி கன் வகைகள்:

1. பழைய பாணி கன்: 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடிக்கும். விலை குறைவு. ஆனால் பெயிண்டில் பாதிக்கு மேல் மூட்டமாகப் பறந்துவிடும்.

2. எச்.வி.எல்.பி.: அதிகக் காற்று, குறைந்த அழுத்தம். முனையில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. நன்றாக அமைந்தால் பெயிண்டில் 65 சதவீதமாவது வண்டிமேல் ஒட்டும். ஆனால் பெரும்பாலும் 8 முதல் 14 சி.எஃப்.எம். கேட்கும். சின்னக் கம்ப்ரஸருக்கு இது யானைத் தீனி.

3. எல்.வி.எல்.பி.: சுமார் 4 முதல் 7 சி.எஃப்.எம். போதும். வேகம் குறைவு, 2 குதிரைத்திறன் கம்ப்ரஸர் வைத்திருப்பவருக்கு ஏற்றது.

4. மினி கன்: நாசில் 0.8 அல்லது 1.0 மில்லிமீட்டர். 3 முதல் 5 சி.எஃப்.எம். போதும். ஸ்கூட்டர் பேனல், பம்பர் மூலை, கதவில் ஒரு கீறல் ஆகியவற்றுக்கு இதுவே உத்தமம்.

சுவருக்கு அடிக்கும் மின்சார கன்னைக் காரின் மேற்பூச்சுக்கு நம்ப வேண்டாம், துளி பெரிது.

நாசிலும் கப்பும்

வீட்டு வேலைக்குக் கப் மேலே இருக்கும் கன்னே நல்லது. பெயிண்ட் தன் எடையாலேயே இறங்குவதால் குறைந்த காற்று போதும். கடைசிச் சொட்டு வரை வீணாகாது. நாசில் அளவு, வர்ணத்துக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4, பிரைமருக்கு 1.6 முதல் 1.8. ஒரே கன் வாங்குவதானால் 1.4 எடுங்கள். நாசில், ஊசி, காற்று மூடி மூன்றும் ஒரே செட்டாகத் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். உதிரி கிடைக்காத கன் எத்தனை மலிவானாலும் நஷ்டமே.

கடையிலேயே சோதனை

தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளில் 6 அங்குல தூரத்திலிருந்து ஒரு நொடி அடித்துப் பாருங்கள். நீள்வட்டமாக, சமமாக விழ வேண்டும். பிறை போல வளைந்தால் காற்று மூடியின் துளையில் அடைப்பு. நடுவில் குறுகி இருபுறமும் கனத்தால் காற்று அதிகம். நடுவில் மட்டும் கனத்தால் காற்று போதவில்லை. விசையை விட்டபின் முனையில் சொட்டினால் அந்தக் கன் வேண்டாம்.

மழைக்காலம் வேண்டாம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் சேரும். அது பெயிண்டோடு கலந்தால் கொப்புளம். என்.சி. பெயிண்ட் புகை படிந்ததுபோல் வெளுத்துவிடும். ஈரம் பிடிக்கும் ஃபில்டர் ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். தொட்டித் தண்ணீரை ஒவ்வொரு முறையும் வடியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம்

கடைக்காரர் பளபளப்புக்காக 'டூ-கே' கிளியர் எடுக்கச் சொல்வார். அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவும் தாக்கும். துணி முகமூடி இதற்குப் பயனே இல்லை. தொழிற்கூடங்களில் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி அணிந்துதான் அடிக்க வேண்டும். பக்கத்து ஜன்னலில் குழந்தை நிற்கும் ஃப்ளாட் வளாகத்தில் இது அறவே கூடாது. டூ-கே அளவுக்கு உழைக்காவிட்டாலும், ஹார்டனர் கலக்காத பெயிண்டே நமக்குப் போதும்.

அதற்கும் கரித்தூள் நிரப்பிய முகமூடி, கண்ணாடி, கையுறை வேண்டும். தின்னர் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட் அருகில் கூடாது. கம்ப்ரஸரைக் குழாய் நீளத்துக்குத் தள்ளியே வையுங்கள். சொசைட்டி செக்ரட்டரியிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முழு வண்டிக்கும் அடிப்பதானால், அறை வசதியுள்ள பட்டறையிடமே விடுங்கள். நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. பதிவிலும் மாற்ற வேண்டும்.

என் கதவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அதே இரவல் கம்ப்ரஸரில் மினி கன்னைப் பொருத்தி மறுபடி அடித்தேன். இம்முறை சிறுசிறு பகுதியாக, இடையிடையே தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து அடித்தேன். உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே அன்பர்களே, கடைக்குக் கிளம்பும் முன் கம்ப்ரஸரின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முகமூடியை முதலில் வாங்குங்கள்; கன்னை அப்புறம் வாங்கலாம். தொண்டைக்கு மருந்தாகப் பிறந்த கருவி, நம் நெஞ்சுக்கு நோயாகிவிடக் கூடாது.