கண்ணை மூடினால் பாடம் ஏறுமா?

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள விழிஞ்ஞத்தில் பாறையைக் குடைந்து செய்த சின்னஞ்சிறு கோயில் ஒன்று இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். முகப்புச் சுவரில் சிவனும் பார்வதியும் முழுதாகச் செதுக்கப்படாமல் பாதியிலேயே நிற்கிறார்கள். உள்ளே வீற்றிருப்பவர் வீணாதர தட்சிணாமூர்த்தி. தட்சிணாமூர்த்தி என்றதும் ஆலமரத்தடி, சின்முத்திரை, வாய் திறக்காத குரு என்றுதான் தமிழ்நாட்டில் மனக்கண்ணில் படம் ஓடும். பரீட்சைக்கு முந்தைய வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலையோடு ஹால் டிக்கெட்டையும் சன்னதியில் வைத்து எடுக்கும் பிள்ளைகள் உண்டு. இங்கோ அவர் வீணை ஏந்திய இசை ஆசிரியர். வீணை கற்பவருக்குச் சும்மா இருக்க வழியில்லை. விரல் எந்த மெட்டில் நிற்கிறது, சுருதி சேர்கிறதா, சேரவில்லை என்றால் பிழை எங்கே என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கவனத்தைப் பழக்கத்தான் பள்ளிகளில் இப்போது ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்னும் மனவிழிப்புக் காலம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த ‘மகிழ்ச்சி வகுப்பு’, மழலையர் முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒரு பீரியடை இதற்கென ஒதுக்கியது. தனியார் பள்ளிகளும் கோச்சிங் சென்டர்களும் கைபேசிச் செயலிகளும் தத்தம் பங்குக்கு மூச்சை எண்ணச் சொல்கின்றன. செய்யட்டும், நல்லதுதான். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நம்பிக்கைகள் சிலவற்றைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“மனத்தைக் காலியாக்குவதுதான் மனவிழிப்பு.”

இல்லை. இந்தப் பயிற்சியின் மூலநூல்களில் முதன்மையானது பாலி மொழியிலுள்ள சதிபட்டான சுத்தம். அது மனத்தைக் கழுவிக் கவிழ்த்துவைக்கச் சொல்லவில்லை. நடக்கும்போதும், திரும்பிப் பார்க்கும்போதும், கையை நீட்டி மடக்கும்போதும், உண்ணும்போதும் செய்வதைத் தெளிந்து அறிந்து செய் என்கிறது. அதில் ‘சதி’ என்னும் விழிப்போடு ‘சம்பஜஞ்ஞ’ என்னும் தெளிந்த அறிவும் சேர்ந்தே வருகிறது. செய்வதைக் கவனிப்பது முதலாவது. எதற்காகச் செய்கிறோம், செய்வது பொருந்துகிறதா என்று அறிவது இரண்டாவது. பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தபோது முதலாவது மட்டும் பெட்டியில் இருந்தது. இரண்டாவது வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

பௌத்தம் இந்தக் கரைக்குப் புதிதன்று. விழிஞ்ஞத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த ஆய் மன்னர்களில் ஒருவரான விக்கிரமாதித்த வரகுணன் ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் மைண்ட்ஃபுல்னஸ் வேறு தடத்தில் வந்தது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் அதை நாள்பட்ட வலியோடு வாழும் நோயாளிகளுக்காக வடிவமைத்தார். மதிப்பெண் கூட்டுவது அவருடைய திட்டத்திலேயே இல்லை.

“கூர்ந்து கவனித்தாலே போதும், தானாகப் புரிந்துவிடும்.”

இதற்குப் பதில் சொல்ல விழிஞ்ஞத்துக் கடலுக்குள் போக வேண்டும்.

தென்திருவனந்தபுரம் கரையின் மீனவர்கள் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்கிறார்கள். மீன் அங்கேதான் கூடும். மேலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்; அடையாளப் பலகை நட முடியாது. ஜிபிஎஸ் வருவதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தைத் தவறாமல் எப்படிப் பிடித்தார்கள்? கரையைப் பார்த்து. கரையோரம் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்குப் பின்னால் வெகு தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு முகடு. இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்து நேர்கோட்டில் விழும்வரை படகைச் செலுத்துவார்கள். பிறகு வேறு திசையில் இன்னொரு ஜோடி: ஒரு பாறையும் அதற்குப் பின்னே ஒரு தென்னந்தோப்பும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில், படகுக்கு நேர் கீழே அந்தப் பார் இருக்கும். கணிச்சம் என்று இதற்குப் பெயர். இந்தக் கரையின் கடலறிவைச் சேகரித்து எழுதிய ராபர்ட் பனிப்பிள்ளை போன்றவர்களின் உழைப்பால் இது இன்று எழுத்திலும் பதிவாகியிருக்கிறது.

இதை ஒரு பையன் கற்பதை எண்ணிப் பார்க்கலாம். அப்பாவோடு கடலுக்குப் போகிறான். கோபுரமும் முகடும் சேர்வதை அவன் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், அந்த ஒரு ஜோடியை மட்டும் நினைவில் வைத்திருந்தால் பாரைப் பிடிக்க மாட்டான். ஒரு கோட்டின்மேல் மைல் கணக்கில் போய்க்கொண்டே இருப்பான். இரண்டாவது ஜோடி ஏன் வேண்டும், இரண்டும் ஏன் வெவ்வேறு திசையில் இருக்க வேண்டும் என்று விளங்கியவனுக்குத்தான் இடம் கிடைக்கும். தோப்பை வெட்டிவிட்டு யாரோ மாடிவீடு கட்டினாலும் அவன் திகைக்க மாட்டான். வேறொரு ஜோடியைத் தானே தேர்ந்துகொள்வான். வடிவியல் பாடத்தில் ‘இரு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கும் எத்தனை பேருக்கு அந்த வரி கடலில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் என்று தெரியும்?

புரிந்துவிட்டது என்ற நினைப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதை 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கெய்ல் இருவரும் எளிமையாகக் காட்டினார்கள். ஜிப், பூட்டு, கழிப்பறை ஃபிளஷ் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று எந்த அளவுக்குத் தெரியும் என்று கேட்டு, தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பங்கேற்றவர்கள் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு அதைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் மறுபடியும் மதிப்பெண் கேட்டபோது எண்கள் சரிந்தன. தினமும் இழுத்து மூடும் ஜிப்புக்கே இந்தக் கதி என்றால் ஒளிச்சேர்க்கைக்கும் ஓமின் விதிக்கும் என்ன நிலைமை!

“திரும்பத் திரும்பப் படித்தால் பதிந்துவிடும்.”

வீட்டுக்கு வீடு நடப்பது இதுதான். மஞ்சள் ஹைலைட்டர் தீரும்வரை கோடு போடுவது, கைடை நாலாவது முறை புரட்டுவது. பக்கம் பழகப் பழகப் பாடமும் பழகிவிட்டதாகத் தோன்றும். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது படித்துப் படித்து உருவேற்றியவர்களே முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களிடம் 40 சதவீதம் மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

சம்பஜஞ்ஞ என்பதற்கு வகுப்பறையில் ஒரு வடிவம் உண்டென்றால் அது இந்த மூடிவைத்து எழுதிப் பார்ப்பதுதான். தெரிந்தது எது, தெரிந்ததாக நினைத்தது எது என்பதை அது அங்கேயே, முகத்துக்கு நேரே பிரித்துக் காட்டிவிடும். அதனால்தான் பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை.

“மனப்பாடம் புரிதலுக்கு எதிரி.”

இது படித்த பெற்றோரின் நம்பிக்கை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு வேறொரு படத்தைத் தருகிறார். பிள்ளைகள் எண்சுவடியைக் கூவிக் கூவி மனத்தில் ஏற்றினார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களும் அதில் அடக்கம். அதே வாய்பாடுகளைக் கொண்டுதான் நெல் அளப்பு, நிலஅளவு, கூலி, வட்டி என்று ஊரின் கணக்குகளைப் போட்டார்கள். அங்கே நினைவாற்றல் கற்கும் முறையாகவே இருந்தது. மனப்பாடத்தோடு நின்று, அதை எதற்கும் பயன்படுத்தாமல் தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வருவதுதான் பிற்காலத்துக் கோளாறு. வாய்பாடு தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு பெருக்கலுமே சுமை. கணக்கின் போக்கைக் கவனிக்க அதனிடம் கவனம் மிஞ்சாது.

“கெட்டிக்காரப் பிள்ளை நாலு மணி நேரம் அசையாமல் படிக்கும்.”

இதற்கும் விழிஞ்ஞத்திலிருந்தே தொடங்கலாம். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற முதல் கண்டெய்னர் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. கண்டெய்னர்களைத் தூக்கும் கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, திரையைப் பார்த்தே இயக்குகிறார்கள். யார்டு கிரேன்களை இயக்கப் பயிற்சி பெற்றவர்களில் சுற்றுவட்டார மீனவக் குடும்பங்களின் பெண்களும் உண்டு. கடலைப் பார்த்த தலைமுறை திரையைப் பார்க்கிறது. திரையைப் பார்ப்பவரின் கவனம் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்விக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிய பிரிட்டிஷ் விமானப்படையினரின் சிக்கலிலிருந்து அது பிறந்தது. நார்மன் மேக்வொர்த் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், துள்ளித் துள்ளி நகரும் முள் எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளுவதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகு பிழைகள் கூடின. அரைமணி வேலை, அரைமணி ஓய்வு என்று மாற்றிக் கொடுத்தபோது அந்தச் சரிவு நின்றது. மனஉறுதி போதாததால் வந்த சரிவன்று அது.

இதற்கு நேர் எதிரான கட்டுக்கதையும் புழக்கத்தில் இருக்கிறது: இக்காலப் பிள்ளைகளின் கவனம் 8 வினாடிதான், தங்கமீனைவிடக் குறைவு. 2015-இல் மைக்ரோசாஃப்ட் கனடா வெளியிட்ட ஓர் அறிக்கை வழியாக இது பரவியது. அந்த எண்ணுக்கு ஆதாரமான ஆய்வைத் தேடிப்போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தங்கமீனின் பெயரையும் வீணாகக் கெடுத்ததுதான் மிச்சம்.

“அந்தக்காலக் குருகுலத்தில் கவனம் தானாகவே இருந்தது.”

இருந்திருந்தால் விதிமுறை எதற்கு? ஆய் மன்னர் கருநந்தடக்கன் 866-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கோயிலும் ‘சாலை’ என்னும் கல்விக்கூடமும் நிறுவினார். அவர் வெளியிட்ட செப்பேட்டில் 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முன்மாதிரி, புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை. சேருவதற்கு இலக்கணப் பயிற்சி வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே ஒருவரை ஒருவர் வைதால் அபராதம். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது, சூதாடக்கூடாது. 95 இடங்களும் வேதப் பிரிவுகளுக்கே பிரித்துத் தரப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணிச்சம் அறிந்த கடற்கரைப் பையனுக்கு அந்த வாசலில் இடமில்லை. ஆனால் ஒன்றில் அவர்கள் தெளிவாக இருந்ததாகத் தோன்றுகிறது. மாணவனிடம் கவனத்தைக் கேட்பதற்கு முன் கவனத்தைக் கலைப்பவற்றை அறையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். இன்று அந்தப் பட்டியலில் எது முதலில் வரும் என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்.

“அப்படியானால் தியான வகுப்பால் மதிப்பெண் ஏறவே ஏறாதா?”

சில இடங்களில் ஏறியிருக்கிறது. 2013-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 48 கல்லூரி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வார மனவிழிப்புப் பயிற்சி, மறுபாதிக்கு ஊட்டச்சத்து வகுப்பு என்று நடத்தினார் மைக்கேல் ம்ராசெக். பயிற்சி பெற்றவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வில் முன்னேறினார்கள். குறிப்பாக, முன்பு மனம் அலைபாய்ந்துகொண்டிருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது.

ஆனால் அது தாங்களாக வந்து சேர்ந்த கல்லூரி மாணவர்களின் சிறு குழு. பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளிடம் நடந்த ‘மிரியட்’ ஆய்வு 2022-இல் முடிவுகளை வெளியிட்டது. அது அளந்தது மதிப்பெண்ணை அல்ல, மனநலத்தை. வளரிளம் பருவத் தொடக்கத்திலிருந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் வழியாகக் கொடுத்த மனவிழிப்பு வகுப்பு, வழக்கமான மனநல, சமூகப் பாடங்களைவிட மேலாக எதையும் சாதிக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. முன்பே மனநலச் சிக்கலின் விளிம்பில் இருந்த பிள்ளைகளில் சிலருக்கு லேசான பின்னடைவின் அறிகுறிகளும் தெரிந்தன.

தேர்வு பயத்தில் தூக்கம் போன பிள்ளையை ‘மூச்சைக் கவனி’ என்று சொல்லி அனுப்பிவிடும் பள்ளிகள் கடைசி வரியையாவது இரண்டு தடவை படிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது உட்கார்ந்து பேசும் ஓர் ஆள். பள்ளியில் ஆலோசகர் இல்லாவிட்டால் 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ இருக்கிறது: எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.