எந்த வால்வு, மகள்?

அன்பின் மகளுக்கு,



மருத்துவபீட மலரில் வந்த உன் கட்டுரையை உன் வாப்பா வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். இஷாவுக்குப் பிறகு ஒரு தடவை, சுபஹுக்குப் பிறகு இன்னொரு தடவை வாசித்தேன். கண்டி தியேட்டரில் நம் கரையோரத்துப் பிள்ளை ஒருத்தியின் மைட்ரல் வால்வை மாற்றியதை பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறாய். இதய-நுரையீரல் பம்ப் ஓடத் தொடங்கி, இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் கரைசல் இறங்கி, மொனிட்டரில் கோடு நேராகிற அந்தப் பந்தி இருக்கிறதே! உத்தியோக காலம் முழுவதும் நெஞ்சறுவைப் பிரிவில் தாதியாக நின்ற எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த நிமிடத்தைத் தமிழில் இத்தனை துல்லியமாக எழுதிய ஒருவரை நான் வாசித்ததில்லை.

ஆனால், எந்த வால்வு?

பழுதான வால்வை அகற்றிப் புதிய வால்வைப் பொருத்தினார்கள் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். அந்த வரியில் எனக்குக் கோபமே வந்தது. பிள்ளைக்கு 24 வயது, கல்யாணம் முடித்து ஒரு வருடம் என்று நீயே எழுதுகிறாய். உலோக வால்வு என்றால் இரத்தம் உறையாதிருக்க உயிருள்ளவரை வார்ஃபரின் மாத்திரை. கரு உண்டாகி ஆறாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரை அந்த மாத்திரை சிசுவை ஊனப்படுத்தக்கூடியது. திசு வால்வு என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் வார்ஃபரினை நிறுத்தலாம். ஆனால் இளம் உடம்பில் அது வேகமாகச் சுண்ணாம்பேறும். பத்துப் பதினைந்து வருடத்தில், சிலருக்கு அதற்கும் முந்தி, மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். பிள்ளை பெறுவதா, எப்போது, எந்த ஆபத்தோடு என்பதெல்லாம் அந்தத் தெரிவுக்குள் அடங்கியிருக்கிறது. உன் கட்டுரையில் அது இல்லை.

இன்னொன்று. திசு வால்வு பன்றியுடையதா, மாட்டின் இதய உறையில் செய்ததா என்பது நம் ஆட்களின் மனதில் நிச்சயம் ஓடும். பெரிய டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு வாய்மூடிக் கிடப்பார்கள். நிர்ப்பந்தத்தில் தடுக்கப்பட்டது ஆகுமாகும் என்ற சட்டத்தை எந்த ஆலிமும் சொல்லித் தருவார். பம்ப் ஓடுமுன் இரத்தம் உறையாதிருக்க ஏற்றுகிற ஹெப்பரினே பன்றிக் குடலிலிருந்து எடுப்பதுதான். இதையெல்லாம் நோயாளி கேட்குமுன் நாம் சொல்ல வேண்டும். தெரிவு இருக்கிற இடத்தில் தெரிவை அவள் கையில் கொடுக்க வேண்டும். சிங்களத்தில் பேசி ஆங்கிலத்தில் எழுதுகிற ஒரு வார்டில் அவளுக்கு இதைத் தமிழில் சொன்னது யார்? நீ என்றால் அதை ஏன் எழுதவில்லை?

முடிவும் எனக்குப் பிடிக்கவில்லை. கிளாம்பை எடுத்தார்கள், இதயம் மீண்டும் துடித்தது, முற்றும். 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுன் குரூட் ஸ்கூர் வைத்தியசாலையில் பார்னார்ட் செய்த முதல் இதய மாற்றை முன்னுரையில் சொல்கிறாயே, அந்த நோயாளி லூயி வாஷ்கன்ஸ்கி என்ன ஆனார்? புது இதயம் நன்றாகத்தான் துடித்தது. ஒவ்வாமல் தள்ளிவிடாதிருக்கக் கொடுத்த மருந்துகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட, 18 நாளில் நிமோனியா அவரைக் கொண்டுபோனது. 1980களில் சைக்ளோஸ்போரின் வந்த பிறகுதான் இதய மாற்று நிலைத்த சிகிச்சையானது. 2017 ஜூலையில் கண்டியில் நம் நாட்டின் முதல் இதய மாற்றைச் செய்தபோது நான் பெருமையில் அழுதேன். அந்தப் பெருமையில் பாதி, தியேட்டர் கதவுக்கு வெளியே இரவிரவாக வடிகுழாயில் இறங்கும் இரத்தத்தையும் சிறுநீரையும் மணிக்கு மணி அளந்து எழுதுகிறவர்களுக்குரியது.

அதற்கும் வெளியே ஊர் இருக்கிறது. சுனாமிக்கு இரண்டு கிழமைக்குப் பின் ஒரு பாடசாலை முகாமில் என்னிடம் ஒரு மனிதரைக் கூட்டிவந்தார்கள். கரைவலைத் தொழில். நெஞ்சில் நீளத் தழும்பு. கிளினிக் கொப்பி, மாத்திரை, வீடு எல்லாவற்றையும் கடல் எடுத்திருந்தது. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதையெல்லாம் மனதில் வைத்திருந்த மனைவி மௌத்தாகிவிட்டார். நான் குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தேன். டிக், டிக் என்று உலோகச் சத்தம் கேட்டது. அதற்குள் ஒரு கை விளங்காமல் போயிருந்தது. வால்விலே உறைந்த கட்டி மூளைக்குப் போய்விட்டது. எத்தனையோ வருடத்துக்கு முன் யாரோ ஒரு சேர்ஜன் அருமையாகத் தைத்த வால்வு அது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், இரண்டாம் பாகத்தை எழுது. மஹியங்கனை, பதினெட்டு வளைவு என்று பஸ்ஸில் ஏறி கண்டி கிளினிக்குக்கு வந்துபோகிற உன் கட்டுரைப் பிள்ளை, அடுத்த முறை பஸ் காசில்லாமல் நின்றால் என்ன நடக்கும் என்று எழுது. உலோக மைட்ரல் வால்வென்றால் இரத்தம் உறைவதை அளக்கும் ஐஎன்ஆர் 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதை அவள் மாமிக்கும் விளங்குகிற மாதிரி எழுது. வார்ஃபரினின் வேலையைக் குறைக்கிற முருங்கையிலையைக்கூட விலக்கத் தேவையில்லை, ஒரு கிழமை அள்ளித் தின்று மறு கிழமை தொடாமல் விடுவதுதான் கெடுதி என்று சொல். மூட்டு நோவுக்குக் கடையில் டைக்ளோஃபினக் வாங்கி விழுங்கக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடு. வால்வைப் பழுதாக்கும் வாதக் காய்ச்சலுக்கான பென்சிலின் ஊசி, வால்வு மாற்றிவிட்டார்கள் என்பதற்காக நிற்பதில்லை என்பதையும் சேர்.

நோன்புக்கு முன் எழுதி முடித்தால் நல்லது. மாத்திரையை நோன்பு திறந்த பிறகு தினமும் ஒரே நேரத்தில் போடலாம், சாப்பாடு மாறுவதால் அந்த மாதத்தில் இரத்தத்தை ஒரு தடவை கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பிரதி எடுத்து இங்குள்ள ஜும்ஆப் பள்ளியில் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.

உன் சாச்சா,
சாய்ந்தமருது