பகிர்தலும் காத்தலும்

நுழையும்முன்

வீட்டுக்குக் கதவு உண்டு; கதவுக்குத் தாழ் உண்டு. அயலார் வாசலில் நின்று அழைத்த பின்னரே உள்ளே வருவர். திறன்பேசிக்குள் குடியிருக்கும் பெயர், பிறந்தநாள், முகம், நட்பு, நடமாட்டம் ஆகியவற்றுக்கு அத்தகைய தாழ் உண்டா? உண்டெனில் அதன் திறவுகோல் யாரிடம் உள்ளது? சமூக ஊடகங்களிலிருந்து தனிமனிதத் தகவல்கள் கைமாறியதை ஒரு செய்தி வெளிக்கொணர்ந்தது. அச்செய்தியையும் அது எழுப்பிய வினாக்களையும் இப்பாடம் ஆராய்கிறது.

கிரிவலப் பாதையில் ஒரு படம்

கார்த்திகைத் தீபத் திருநாளின் மாலைப்பொழுது. திருவண்ணாமலையின் உச்சியில் மகாதீபம் சுடர்விடுகிறது. மலையைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை மக்கள் வெள்ளத்தால் நிறைந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பெற்றோருடனும் தோழியுடனும் அப்பாதையில் நடந்து வருவதாகக் கொள்வோம். குபேர லிங்கத்தின் அருகே அனைவரும் நின்று படம் எடுக்கின்றனர். “குடும்பத்தோடு கிரிவலம்; நாளைக் காலையில்தான் ஊர் திரும்புகிறோம்” என்ற வரியுடனும் இடக்குறிப்புடனும் அவள் அப்படத்தை முகநூலில் பதிவிடுகிறாள்.

தன் மகிழ்ச்சியைப் பகிர்ந்தது தவறன்று. எனினும், அந்த ஒரு பதிவு தெரிவித்தவை எத்தனை என எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீடு பூட்டியிருப்பதையும் எவ்வளவு நேரம் பூட்டியிருக்கும் என்பதையும் அது அறிவித்துவிட்டது. முகநூலில் கணக்கே இல்லாத தோழியின் முகமும் அதில் இடம்பெற்றுவிட்டது. பின்னால் குழந்தையைத் தோளில் சுமந்து சென்ற முன்பின் அறியாத ஒருவரும் அப்படத்தில் இருக்கிறார். பதிவிட்டவள் ஒருத்தி, வெளிப்பட்டவர் பலர். இதே நிலை பல கோடி மடங்கு பெருகினால் என்னவாகும் என்பதை 2018ஆம் ஆண்டு உலகம் கண்டது.

உலகை உலுக்கிய செய்தி

2018 மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் ‘அப்சர்வர்’ இதழும் அமெரிக்காவின் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழும் ஒரு செய்தியை வெளியிட்டன. முகநூல் பயனாளர்கள் பல கோடிப் பேரின் தகவல்கள் அவர்கள் அறியாமலே ‘கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா’ என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றன என்பதே அச்செய்தி. அந்நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ்டோபர் வைலி என்பவர் உண்மைகளை வெளிப்படுத்தியிருந்தார்.

தகவல்கள் சென்ற வழி மிக எளியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஆளுமையை அறியும் வினாக்களைக் கொண்ட செயலி ஒன்றை உருவாக்கியிருந்தார். ஏறத்தாழ 2,70,000 பேர் அதனை நிறுவி விடையளித்தனர். அக்காலத்தில் முகநூல் பின்பற்றிய முறையின்படி, ஒருவர் ஒரு செயலிக்கு இசைவு அளித்தால் அவருடைய நண்பர்களின் தகவல்களையும் அச்செயலி திரட்ட முடிந்தது. இவ்வாறு தகவல் திரட்டப்பட்டிருக்கக்கூடியோர் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை இருக்கலாம் என முகநூல் நிறுவனமே பின்னர் அறிவித்தது.

335 பேரும் 5,62,120 பேரும்

அவ்வறிவிப்பில் இந்தியாவைப் பற்றிய கணக்கும் இருந்தது. இந்தியாவில் அச்செயலியை நிறுவியோர் 335 பேர் மட்டுமே. ஆயினும் மேலும் 5,62,120 இந்தியர்களின் தகவல்கள் சென்றிருக்கலாம் என்று முகநூல் கூறியது. இவர்கள் எந்த வினாவுக்கும் விடையளிக்கவில்லை. எந்த இசைவும் தரவில்லை. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ அச்செயலியை நிறுவிய யாரோ ஒருவரின் நட்புப் பட்டியலில் இருந்தனர் என்பதே காரணம்.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தனியுரிமை என்பது ஒருவர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் வேலி மட்டும் அன்று. ஒருவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவருடைய நண்பரின் கவனக்குறைவு அவரை வெளிப்படுத்திவிடும். ஒருவரின் தனியுரிமை பிறர் கையிலும், பிறரின் தனியுரிமை அவர் கையிலும் இருக்கின்றன.

செய்தியின் பணி

இவ்விவகாரம் பற்றிய முதற்செய்தி 2018இல் தோன்றியதன்று. 2015 டிசம்பரிலேயே ‘கார்டியன்’ நாளிதழ் இதனைச் சுட்டிக்காட்டியிருந்தது. அப்போது தகவல்களை அழித்துவிடுமாறு முகநூல் கேட்டுக்கொண்டது. பயனாளர்களுக்கு ஏதும் தெரிவிக்கவில்லை. செய்தியாளர்கள் தொடர்ந்து தேடியதால், ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டுகளுக்குப் பின் உண்மை ஊரறிந்ததாயிற்று.

விளைவுகளும் தொடர்ந்தன. 2018 ஏப்ரலில் முகநூலின் தலைவர் மார்க் சக்கர்பெர்க் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் விடையளித்தார். மே மாதத்தில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா தன் செயல்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. 2019இல் தனியுரிமை தொடர்பான மீறல்களுக்காக அமெரிக்க வணிக ஆணையம் முகநூலுக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. இந்திய அரசு அவ்விரு நிறுவனங்களிடமும் விளக்கம் கேட்டது. மத்தியப் புலனாய்வுத் துறையும் விசாரணை மேற்கொண்டது.

நீதிமன்றங்களின் குரல்

செய்தி தனியுரிமையைக் காப்பதும் உண்டு. எல்லை மீறினால் குலைப்பதும் உண்டு. அந்த எல்லையைத் தெளிவுபடுத்திய வழக்கு தமிழ்நாட்டில் தோன்றியது. மரண தண்டனை பெற்ற சிறைவாசி ஒருவரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்க முற்பட்டனர். ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் வாழ்வையும் குடும்பத்தையும் பிறர் தலையீடின்றிக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று அத்தீர்ப்பு கூறியது. அதே வேளையில், பொது ஆவணங்களில் உள்ளவற்றை இதழ்கள் வெளியிடலாம் என்றும் அதனை அரசு முன்கூட்டியே தடுக்க இயலாது என்றும் கூறியது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனியுரிமை, அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்பதே அத்தீர்ப்பு.

சட்டம் எட்டாத இடம்

இதனைத் தொடர்ந்து 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. தகவல் எதற்காகத் திரட்டப்படுகிறது என்பதைத் தெளிவாகக் கூறி இசைவு பெறவேண்டும் என்றும், இசைவைத் தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. பதினெட்டு வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை. பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

ஆயினும், தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ தகவலைக் கையாள்வதற்கு இச்சட்டம் பொருந்தாது. தோழியின் படத்தைப் பகிரும் மாணவியைக் கேள்வி கேட்க இச்சட்டம் வருவதில்லை. அந்த இடத்தைக் காக்கவேண்டியது பண்பாடு ஒன்றே.

மீண்டும் கிரிவலப் பாதைக்கு வருவோம். அம்மாணவி பதிவிடும்முன் தோழியிடம், “இதைப் போடலாமா?” என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். வீடு திரும்பிய பின் படத்தைப் பகிர்ந்திருக்கலாம். நண்பர்கள் மட்டும் காணுமாறு அமைத்திருக்கலாம். தீபத்தின் ஒளி எல்லாருக்கும் தெரிவதற்காக ஏற்றப்படுவது. வீட்டு அகல்விளக்கு வீட்டாருக்காக ஏற்றப்படுவது. எது மலைமேல் ஏற்றத்தக்கது, எது மாடத்தில் வைக்கத்தக்கது எனப் பகுத்தறிவதே இக்காலத்துக்கு வேண்டிய கல்வி.

தெரிந்து தெளிவோம்

இணையவழி நிதி மோசடிக்கு ஆளானோர் 1930 என்னும் உதவி எண்ணை உடனடியாக அழைக்கலாம். ஒருவரின் அந்தரங்கப் பகுதிகளை அவர் இசைவின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் திறன்பேசியிலோ வீட்டார் திறன்பேசியிலோ உள்ள மூன்று செயலிகள் எவ்வெவற்றுக்கு இசைவு பெற்றுள்ளன எனக் கண்டு பட்டியலிடுக. அவற்றுள் தேவையற்றவை எவை எனக் காரணத்துடன் எழுதுக.

2. தகவல் திருட்டு பற்றிய நாளிதழ்ச் செய்தி ஒன்றைத் திரட்டி, ‘எடுக்கப்பட்டது எது? இசைவு தந்தவர் யார்? பயனடைந்தவர் யார்?’ என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்க.

3. ‘ஒருவரின் தனியுரிமை பிறர் கையிலும் உள்ளது’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.