ஆடியில் தெளிக்க வேண்டிய தக்கைப்பூண்டு

காவிரிப் பாசனத்தில் குறுவை வைக்காமல் சம்பாவுக்கென்று விட்டுவைத்திருக்கும் வயல்களில், ஆடி பிறந்திருக்கும் இந்நாட்களிலேயே கிடைத்த ஈரத்தில் உழுது, ஏக்கருக்கு 20 கிலோ வீதம் பசுந்தாளுரமாகும் தக்கைப்பூண்டு விதையைத் தெளித்துவிடுவது அத்தியாவசியம். இன்னும் தாமதித்தால், புரட்டாசி நடவுக்கு முன் அது வளர்ந்து மடங்குவதற்கு வேண்டிய அவகாசம் கிட்டாது. மண் பரிசோதனைக்கு இன்னும் அனுப்பாதவர்கள், விதை தெளிக்கும் முன்பே, எருக்குழி, வரப்போரம், மரநிழல் ஆகியவற்றை ஒதுக்கி, வயலின் பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை அனுப்பிவிடுவது நலம்.

இப்படி மடக்கும் பயிர் காற்றின் கரியை மண்ணுக்குக் கொண்டுவருகிறது: உலர்ந்த பயிரின் எடையில் நூற்றுக்கு 40 பங்குக்கும் அதிகமாக உள்ள கரி முழுவதும் இலைகள் காற்றிலிருந்து கரியமிலவாயுவாகக் கிரகித்ததே. 1958-ல் ஹவாயித் தீவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420-ஐத் தாண்டி மிகுந்திருக்க, அங்ககக் கரி அரை சதவீதம்கூடத் தேறாத வயல்கள் நம்மிடையே அநேகம் இருப்பது வருந்தத்தக்கது. அறுவடைக்குப்பின் தாளைக் கொளுத்துகிறவர்கள் அக்கரியையும் அதனோடு தழைச்சத்தையும் மீண்டும் ஆகாயத்துக்கே அனுப்பிவிடுகிறார்கள்; இந்த வழக்கத்தை இவ்வாண்டேனும் விட்டுவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். தாளை மட்டும் மடக்கினால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கென்று எடுத்துக்கொள்ள, நாற்று சில காலம் வெளுத்து நிற்கும். பசுந்தழையும் கூடச் சேர்ந்தால் அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.

விதைத்த ஒரு மாதத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை அலசி, அதிலுள்ள முடிச்சொன்றை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றின் தழைச்சத்து சேகரமாகிறது என்று கொள்ளலாம். களர் நிலத்துக்கோ இச்செடி விசேஷ உபகாரி. வேர் மக்கும்போது எழும் கரியமிலவாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி, மண்ணில் உறைந்து கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்து, களர்த்தன்மையின் கடுமையைத் தணிக்கும்.

பூ எட்டிப்பார்க்கும் 45-ஆம் நாளை ஒட்டி, தண்டை ஒடித்தால் நார் உரியாமல் முறிகிற பக்குவத்திலேயே, தண்ணீர் கட்டி மடக்கி உழுதுவிட வேண்டும். முற்றிய தண்டு எளிதில் மக்காது. நடவின்போது அடியுரத் தழைச்சத்தைப் பரிசோதனை முடிவுக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். துத்தநாகக் குறையுள்ள நிலத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவுவது போதும், ஆனால் மணிச்சத்து உரத்தோடு அதைக் கலக்கலாகாது.