மறுநாள் காலை: தம்பிக்கு அக்கா சொல்வது

தம்பி, குடிக்காதே என்று அம்மா தினமும் சொல்கிறாள், நானும் அதையேதான் விரும்புகிறேன். ஆனால் கிடாவெட்டுக்குப் போய் நடுராத்திரி வந்து படுத்துவிட்டு, காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்? அந்தக் காலைக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் வண்டிச் சாவியைக் கீழே வை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தி, ரம் எதுவானாலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியென்றால் ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்து இரண்டு குவார்ட்டர் முடித்தவன் உடம்பில் காலை ஏழு மணிக்கும் மிச்சம் இருக்கும். தலைக்குக் குளித்தாலும், எலுமிச்சம்பழத்தை உச்சந்தலையில் தேய்த்தாலும், கடுங்காப்பி குடித்தாலும் அது ஒரு கிராம்கூடச் சீக்கிரம் குறையாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடித்துவிட்டு ஓட்டிய வழக்குத்தான். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தை விடு, நத்தம் ரோட்டில் எதிரே வருகிறவனை நினை. அன்றைக்குப் பஸ்ஸில் போ.

தலைவலி ஏன் வருகிறது? உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைச் சாராயம் அடக்கிவிடுகிறது. அதனால்தான் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து சிறுநீர் கழிக்கிறாய், விடியும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வயிற்றின் உள்சுவர் புண்பட்டுப் புரட்டுகிறது. கல்லீரல் சாராயத்தைக் கரைப்பதிலேயே இருப்பதால், ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்கும் வேலை தடைபடுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனாலும் வரும். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாலும் அது நல்ல தூக்கம் இல்லை, பாதியில் கலைந்துபோகும்.

ஆகவே தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஓய்வு. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடி. ஒரே மூச்சில் குடித்தால் வாந்தியாக வந்துவிடும். உப்புப் போட்ட நீர்மோரும் இளநீரும் நல்லதுதான். வயிறு கொஞ்சம் அடங்கியதும் கஞ்சியோ இரண்டு இட்லியோ சாப்பிட்டு, ஒரு சிறுமலைப் பழம் சாப்பிடு. காரசாரமாகப் பிரியாணி தின்றால் சரியாகிவிடும் என்று கூட்டாளி இழுப்பான், போகாதே. திண்டுக்கல் பிரியாணி எங்கும் போய்விடாது, சாயங்காலம் சாப்பிடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் மில்லிலோ தோல் ஷாப்பிலோ வேலை என்றால் அன்றைக்கு லீவு சொல்லிவிடு. ஏற்கெனவே வற்றிய உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது.

மாத்திரையில் ரொம்பக் கவனம் வேண்டும். குடித்த கல்லீரலுக்குப் பாராசிட்டமால் கூடுதல் சுமை. வெறும் வயிற்றில் புரூஃபன், ஆஸ்பிரின் போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவுகூட வரலாம். முடிந்தவரை மாத்திரை இல்லாமல் சமாளி. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அவர் தூங்குகிறார் என்று விட்டுவிடாதே.

"காலையில் ஒரு கட்டிங் போட்டால் தெளிந்துவிடும்" என்பார்கள். அது வலியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மத்தியானம் அதே வலி திரும்ப வரும், உடம்பும் அடுத்த கட்டிங்கைக் கேட்கும்.

இன்னொன்று, இதை உன் கூட்டாளிகளிடமும் சொல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த விஷம் பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், ஆரம்பத்தில் சாதாரண மப்பு போலவேதான் இருக்கும். கண் மங்கினால், எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தால், வயிற்றுவலி தாங்க முடியாமல் போனால், மூச்சு வாங்கினால், மோர் கொடுத்துப் படுக்கவைக்காதே. உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு. என்ன குடித்தான், எப்போது குடித்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லு.

தட்டி எழுப்பியும் எழாதவனை ஒருக்களித்துப் படுக்கவை. வாயில் எதையும் ஊற்றாதே, தொண்டையில் விரல் விட்டு வாந்தியும் எடுக்கவைக்காதே. வாந்தி மூச்சுக்குழாயில் போய்தான் பலர் சாகிறார்கள். மூச்சு மெதுவானாலோ உதடு நீலமானாலோ அதற்கும் 108 தான். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும்.

தினமும் குடிக்கிறவர் ஒருநாள் நிறுத்தியதும் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத ஆளோடு பேச ஆரம்பித்தால் அது முந்தினநாள் மப்பு இல்லை. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நம்ம தெருவிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார், யார் என்று உனக்கே தெரியும். அவராக வீட்டில் வைராக்கியமாக நிறுத்தக் கூடாது, டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போ, மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேள். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் 14446, காசு கிடையாது. அவர் வீட்டில் பேச உனக்குக் கூச்சமாக இருந்தால் சொல்லு, நானும் கூட வருகிறேன்.