சயாம் மரண ரயில்: நம் பாடத்தில் வராத தண்டவாளம்



இருபதாம் நூற்றாண்டின் பெரும் போர்கள் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? 1914 முதல் 1918 வரை முதல் உலகப்போர். 1939 முதல் 1945 வரை இரண்டாம் உலகப்போர். காரணங்களுக்கு ஐந்து மார்க், விளைவுகளுக்கு ஐந்து மார்க். ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார், ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறோம். ஆனால் இத்தனை பெரிய சண்டையில் நம்ம ஆளுங்க எங்கே இருந்தாங்க என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

முதல் போரைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சாமர்த்தியக்காரனை "அவன் சரியான எம்டன்" என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போய்விட்டது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி கொக்கோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் அதை அடித்து வீழ்த்தியது. கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

இரண்டாவது போர் அப்படி இல்லை. அதில் பல்லாயிரம் தமிழர்கள் செத்தார்கள். துப்பாக்கி பிடித்து அல்ல, மண்வெட்டி பிடித்து. அந்த இடத்தின் பெயர்தான் சயாம் மரண ரயில் பாதை. (சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்.)

முதலில் தமிழர்கள் அங்கே எப்படிப் போனார்கள்? மலாயாவில் வெள்ளைக்காரர்கள் ரப்பர்த் தோட்டம் போட்டபோது பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்து, "அங்கே போனால் நல்ல சம்பளம்" என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப் போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். நம் தென்பக்கத்து ஆட்கள் அதிகம் போனது இலங்கைக்குத்தான். இப்பவும் சில ஊர்களில் "சிலோன்காரர் வீடு" என்று சொல்வதைக் கேட்கலாம். மலாயாவுக்கு இப்படி ஆள் எடுப்பதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. அதற்குள் லட்சக்கணக்கானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஆங்கிலேயர்கள் சரணடைந்தார்கள். பத்தே வாரம்! தோட்டத்துத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள், இல்லாவிட்டால் சிறைப்பட்டார்கள். ரப்பர் வாங்க ஐரோப்பாவும் அமெரிக்காவும் இல்லை. ஆகவே வேலை இல்லை, சம்பளம் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வைத்திருந்த காலம் என்று மலேசியத் தமிழர்கள் அதை இன்றும் சொல்கிறார்கள். தபாலும் நின்றுபோயிற்று. ஊரில் இருந்தவர்களுக்கு மகன் இருக்கிறானா இல்லையா என்று போர் முடியும்வரை தெரியாது.

ஜப்பானுக்கு அப்போது ஒரு சிக்கல். பர்மாவைப் பிடித்துவிட்டார்கள். அங்கிருந்து இந்தியாவுக்குள் வரவேண்டும். பர்மாவில் இருக்கும் படைக்குச் சோறும் குண்டும் கப்பலில் அனுப்பினால் மலாயாவைச் சுற்றிப் போகவேண்டும். வழியில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள். அதனால் தரை வழியாகவே ரயில் விடலாம் என்று முடிவு செய்தார்கள். சயாமின் பான் போங் என்ற ஊரிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். முழுக்க மலை, காடு, ஆறு. ஆங்கிலேயர்கள் முன்பே யோசித்துப் பார்த்து, ஆகாது என்று கைவிட்ட வழி அது.

415 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு? நம் ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மதுரை, திருச்சி எல்லாம் தாண்டி, விருத்தாசலமும் தாண்டி, விழுப்புரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். அவ்வளவு தூரத்துக்கு மலையைக் குடைந்து, பாலம் கட்டி, தண்டவாளம் போட்டு 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு முனையையும் சேர்த்துவிட்டார்கள். 1942 நடுவில் தொடங்கிய வேலை. ஒன்றரை வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இன்னொரு விஷயம், அதுவும் ஒரு மீட்டர் அகலப் பாதைதான், நம் ஊர் வழியாக முன்பு ஓடிய மீட்டர் கேஜ் மாதிரி. மலாயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையைப் பெயர்த்து எடுத்துக் கொண்டுபோய் அங்கே போட்டார்கள்.

வேலை செய்தவர்கள் இரண்டு வகை. ஒரு பக்கம் போர்க்கைதிகள்: ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர், மொத்தம் 60,000க்கு மேல். இன்னொரு பக்கம் ஆசியத் தொழிலாளர்கள்: தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். இவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர், அதற்கும் மேலே என்றும் கணக்கு உண்டு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஆரம்பத்தில் மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். பிறகு ஆள் கிடைக்காதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கூட்டத்தை அப்படியே ரயிலில் ஏற்றியதாகவும் சொல்வார்கள்.

கைதிகளில் இறந்தவர்கள் 12,000க்கு மேல். அதாவது ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000. அதாவது கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர்!

ஒரே காடு, ஒரே மழை, ஒரே ஜப்பான்காரன். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். கைதிகள் சிப்பாய்கள். அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் மூங்கிலையும் கிடைத்த சாமானையும் வைத்தே வைத்தியம் பார்த்தார். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கணும், கக்கூஸுக்குக் குழி வெட்டணும், சோற்றுத் தட்டைக் கொதிநீரில் முக்கணும் என்று கட்டளை போட ஆள் இருந்தது. நம் ஆட்களுக்கு அது எதுவுமே இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. ஒழுகும் கொட்டகை, சோறும் கருவாடும், ஆற்றுத் தண்ணீர். 1943இல் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிய மாதங்களும் மழைக்காலமும் ஒன்றாக வந்தன. அப்போது வாந்திபேதி பரவியது. ஒரு கொட்டகைக்குள் அது நுழைந்தால் காலையில் பார்த்தால் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணவேண்டிய நிலை. மலேரியாவும் காலில் அழுகும் புண்ணும் வேறு. தண்ணீரைக் காய்ச்சுவது என்ற ஒரு சின்னக் காரியம் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் மனசு என்னமோ செய்கிறது. அறிவியல் பாடத்தில் அதை ஒரு மார்க் கேள்வியாகத்தான் நான் படித்தேன்.

ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஒரு உயிர் என்று இந்தப் பாதையைப் பற்றிச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டைக்கு மேல் வரும். அப்படியென்றால் மொத்தம் நாலு லட்சத்துக்கும் அதிகம். இறந்தவர்கள் ஒரு லட்சம் சொச்சம். ஆகவே அந்தப் பேச்சு மிகைதான். நாலைந்து கட்டைக்கு ஒரு உயிர் என்பதுதான் சரி. குறைத்துச் சொன்னாலும் கொஞ்சமாகத் தெரியவில்லை பாருங்கள்.

இனி ஒரு சங்கடமான கேள்வி. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். அதில் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் இதே தோட்டத்துத் தமிழர்கள். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் துப்பாக்கி பிடித்தார்கள். அந்த ராணுவத்துக்கு உதவியதும் ஜப்பான்தான், அதே சமயம் சயாம் காட்டில் தமிழனைச் சாகடித்ததும் ஜப்பான்தான். ரயில் வேலையிலிருந்து தப்பிக்கவே ராணுவத்தில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நேதாஜி மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதற்காக அந்தக் காட்டில் கிடந்தவர்களை மறைத்து எழுத என் கை வரவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம்.

போர் முடிந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். காஞ்சனாபுரியில் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். 6,900க்கும் மேற்பட்ட கல்லறைகள், வரிசை வரிசையாக. ரயில் பாதை வேலையில் செய்த கொடுமைகளுக்காக விசாரணை நடந்து 32 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1957இல் குவாய் நதிப் பாலம் பற்றி ஆங்கிலப் படம் வந்து ஏழு ஆஸ்கார் விருது வாங்கியது. கதை வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றியது. வேடிக்கை என்னவென்றால் அதைப் படம் பிடித்தது இலங்கையில், கித்துல்கல என்ற ஊரில்.

தமிழர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. செத்தவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள். 1990இல் காஞ்சனாபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வந்தன. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். அ. ரெங்கசாமியும் இதை நாவலாக்கியிருக்கிறார். இப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, காஞ்சனாபுரியில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். அந்தப் பாதையில் சுமார் 130 கிலோமீட்டர் இன்றும் இருக்கிறது. நாம் டோக் என்ற ஊர் வரை தினமும் ரயில் ஓடுகிறது, சுற்றுலாப் பயணிகள் ஜன்னலோரம் இடம்பிடித்துப் படம் எடுக்கிறார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மலாயா, பர்மா, சிலோன் போய் வந்தவர்களின் பழைய கடிதம், பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் ஏதாவது பெட்டிக்குள் கிடந்தால் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அதைப் பள்ளிக்குக் கொண்டுவரவேண்டாம், தொலைந்துபோகும். யார், எந்த வருஷம், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். 1942க்குப் பிறகு கடிதம் வராமலே போன வீடு எதுவும் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.