ஒரே வரைபடம், இரண்டு தொகை – எதை நம்புவது?

கடைக் கணினியில் ‘பவர் பிஐ டெஸ்க்டாப்’ காட்டும் விற்பனை வரைபடத்தை இணையத்தில் ஏற்றிப் பார்த்தால் சில சமயம் தொகை மாறி வரும். அதை நம்பிக் கொள்முதல் செய்தால் சரக்கு தேங்கும் அல்லது தட்டுப்படும். எனவே வணிகர்கள் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சரிபார்க்கவும்.

1. புதுப்பித்தல்: டெஸ்க்டாப்பில் ‘ரெஃப்ரெஷ்’ செய்தால் அந்தக் கணினியிலுள்ள கோப்பு மட்டுமே புதுப்பிக்கப்படும். இணையப் பிரதியைத் தனியே ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும். அல்லது மீண்டும் ‘பப்ளிஷ்’ செய்ய வேண்டும்.

2. ஃபில்டர்: இணையத்தில் ஒருவர் கடைசியாகத் தேர்ந்தெடுத்தது அவருக்கு அப்படியே நிற்கும். நேற்று அரிசி மட்டும் பார்த்தவருக்கு இன்றும் அரிசிக் கணக்கே தெரியும். ‘ரீசெட்’ அழுத்தினால் வெளியிட்டபோது இருந்த நிலைக்குத் திரும்பும்.

3. தேதி: ‘டுடே’ சூத்திரம் இணையத்தில் யுடிசி நேரப்படி இயங்கும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே அதிகாலை 5.30க்கு முன் ‘இன்று’ என்பது நேற்றைய தேதியாக இருக்கும். காய்கறி, பூ, மீன் மொத்த வியாபாரிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ‘யுடிசிநவ்’ சூத்திரத்துடன் ஐந்தரை மணி நேரம் கூட்டி எழுதினால் இரண்டிலும் ஒரே தேதி வரும்.

எழுத்தின் வடிவம் மட்டும் மாறினால் கவலை வேண்டாம். அது எழுத்துரு இல்லாத குறை. தொகை மாறினால், இரண்டும் ஒத்துவரும் வரை பில் புத்தகக் கூட்டுத்தொகையைப் பார்த்தே ஆர்டர் கொடுங்கள்.